தகப்பனார் குடித்த பியர்

ஆங்கிலம் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆயினும் ‘மைல்ட்’ என்ற சொல்லின் ஒரு பொருளை, முதுமையில் வந்து குடியேறிய இங்கிலாந்தின் மத்திய பகுதித் தொழில் நகரொன்றில், அடுப்பின் முன் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இரும்பு வார்ப்புத் தொழிலாளி. அவருடைய தகப்பனாரும் அப்படியே. உலை வெக்கையில் நாள் முழுதும் நின்றவர்கள் வேலை முடிந்ததும் பருகியது மைல்ட் பியர்: கரியது, சற்றே இனிப்பது, வெறி குறைந்தது. 1950கள் வரை பிரித்தானிய மதுச்சாலைகளில் அதற்கே முதலிடம். இன்றோ தேடித்தான் குடிக்க வேண்டும். அதை வீட்டில் ஆக்கித் தருவதாக அவருக்கு வாக்களித்துவிட்டேன். (1963 வரை இதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது.)

பழைய செய்முறைகளைப் படித்தபோது திகைத்துப்போனேன். 1880களின் மைல்ட் கரியதுமன்று, மெலிந்ததுமன்று. மதுவடிப்போர் வழக்கில் அச்சொல்லுக்கு ‘புதியது’ என்றே பொருள். மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்து புளிப்பேறியது பழையது. சில வாரங்களுள் குடித்துத் தீர்ப்பது மைல்ட். இறக்கிய கையோடு குடிக்கும் கள்ளை அறிந்த யாழ்ப்பாணத்தவனுக்கு இது விளங்க இத்தனை காலம் சென்றிருக்க வேண்டியதில்லை!

நாலரைக் கிலோ முளையிட்ட பார்லியை 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். வடித்த சாற்றில் அரைக் கிலோ சீனியும் எழுபது கிராம் ஹொப்ஸ் பூவும் இட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். இருபது லீற்றர் கிடைத்தது. நீரமானி 1.058 காட்டியது. ஆறவிட்டு மதுவம் சேர்த்தேன். ஒரு வாரம் நொதித்தது.

மூன்றாம் வாரம் அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, “இது எங்கள் பியர் இல்லை” என்றார்.

உண்மைதான். அவர் ‘எங்கள் பியர்’ என்று கருதியதை ஆக்கியதில் யுத்தத்துக்கும் வரிக்கும் பெரும் பங்குண்டு. 1914 நவம்பரில் பீப்பாய்க்கான வரி 7 சிலிங் 9 பென்சிலிருந்து 23 சிலிங்காயிற்று. 1920இல் 100 சிலிங். 1915இல் லொயிட் ஜோர்ஜ், ஜேர்மனியையும் ஒஸ்திரியாவையும் விடக் குடியே பெரிய பகை என்றார். பியர் உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டது. தானியத்தட்டுப்பாடு மெய்யானது, நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன, பாணுக்கே பார்லி வேண்டியிருந்தது. இதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், 1914இல் 1.050க்கு மேலிருந்த பியரின் சராசரி அடர்த்தி 1919இல் 1.030 அளவுக்கு இறங்க, விலையோ ஏறிற்று. மெலிந்ததை ‘அரசாங்க ஏல்’ என்று மக்கள் ஏளனம் செய்தனர். யுத்தம் முடிந்தது; முந்திய கடுமை மீளவேயில்லை. (நிறம் கறுத்தது வேறு கதை, அது யுத்தத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது.)

இவற்றைச் சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் என் தகப்பனார் அரைவாசியைக் குடித்து முழுவதற்கும் காசு கொடுத்தாரா?” என்று கேட்டார். பாட்டனார் குடித்தது இதுவாயிருக்கலாம் என்றேன்.

மறுவாரம் 1.032 அடர்த்தியில், கருஞ்சீனி இட்டு, இன்னொரு தொகுதி தொடங்கினேன். அது ஆயத்தமான மாலையில் தகப்பனாரின் கண்ணாடிக் குவளையுடன் வந்தார். இரண்டையும் மேசையில் வைக்கச் சொன்னார். முதலில் மெலிந்ததைத்தான் எடுத்தார்.