வராதவருக்கும் ஒரு பங்கு

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்தில் நாம் முதலில் செய்துவந்தது காணிக்கையை எண்ணுவதுதான். பேரவை உறுப்பினர் இருவர் எண்ணுவர், கணக்கர் ஏட்டில் எழுதுவார், நாம் கையொப்பமிடுவோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுபடி எண்ணுவோம். அன்று திருப்பலிக்கு வராதவர் எவர் என்று எண்ணும் வழக்கம் மட்டும் நம்மிடம் இருந்ததில்லை.

ஒரு நாள் மாலை, கிறிஸ்தவரல்லாத சகோதரி ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றார். "சாமி, உங்க கோயிலுக்கு வர்ற ஆயா ஒண்ணரை மாசமாப் படுக்கையில கெடக்குது. நான்தான் கஞ்சி ஊத்துறேன். உங்க ஆளுங்க யாரும் எட்டிப் பாக்கலியே" என்றார்.

பெண்கள் பக்கம் தூணருகே வழக்கமாய் அமரும் கைம்பெண் ஒருவரையே அவர் குறிப்பிட்டார். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நாம் நற்கருணை கொண்டு செல்வதுண்டு. ஆயினும் அவர் பெயர் நம் பட்டியலில் இல்லை. வந்து சொல்ல அவருக்கு உறவினர் எவரும் இல்லை. நாம் சென்றபோது அத்தாயார் குறை ஒன்றும் கூறவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நம் கையில் வைத்தார். ஆறு ஞாயிறுகளின் காணிக்கை அது.

அன்றிரவு, குருமடத்தில் படித்த புனித யுஸ்தீன் நினைவுக்கு வந்தார். ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு எழுதிய விளக்கத்தில், கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூட்டத்தை அவர் விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகின்றனர், மறைநூல் வாசிக்கப்படுகிறது, தலைவர் அறிவுரை கூறுகிறார், மன்றாட்டுக்குப்பின் அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன, நன்றி மன்றாட்டுக்கு மக்கள் 'ஆமென்' என்கின்றனர். தேர்வுக்காகப் படித்த நாளில், திருப்பலியின் அமைப்பு இத்தனை நூற்றாண்டுகளாய் நிலைத்திருப்பதையே வியந்தோம். அதன் இறுதியில் உள்ள இரு செய்திகள் நம் மனத்தில் தங்கவில்லை. வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டு செல்கின்றனர். விரும்பிக் கொடுப்போரின் காணிக்கை அனாதைகள், கைம்பெண்கள், நோயுற்றோர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குச் செல்கிறது. யுஸ்தீனுக்கு இவை வழிபாட்டின் பின்னிணைப்பு அல்ல, வழிபாட்டின் பகுதி.

251ஆம் ஆண்டளவில் திருத்தந்தை கொர்னேலியு எழுதிய மடலொன்றை எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காத்துத் தந்துள்ளார். உரோமையில் 46 குருக்களும் 7 திருத்தொண்டர்களும் இருந்ததைக் கூறும் அதே பட்டியலில், திருச்சபை பேணிவந்த கைம்பெண்களும் வறியோரும் 1,500க்கு மேற்பட்டோர் என்கிறார் அவர். தேசியு பேரரசனின் வேதகலாபனையால் சிதறுண்ட திருச்சபை அது. ஆயினும் தன் வறியோரின் தொகையை அது அறிந்திருந்தது. நாமோ உண்டியலின் தொகையை மட்டுமே அறிந்திருந்தோம்.

தொடக்கத் திருச்சபை குறையற்றது என்று சொல்லமாட்டோம். ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோதே கொரிந்தில் சிலர் பசித்திருந்தனர், சிலர் வெறித்திருந்தனர். பவுலடிகளார் அதைக் கடிந்துகொண்டார். வறியவரை மறக்கும் பந்தி ஆண்டவரின் பந்தியாகாது என்பதே அவர் கண்ட உண்மை. தவறு புதிதன்று, அதைத் தவறென்று உணர்ந்து திருந்தும் மனமே நமக்கு வேண்டியது.

இப்போது காணிக்கையை எண்ணுமுன் அன்பியப் பொறுப்பாளர்கள் ஐந்து நிமிடம் கூடி, வராதவர்களின் பெயர்களைச் சொல்கின்றனர். முதல் ஞாயிறன்றே, நமக்குத் தெரியாத நான்கு நோயாளரின் பெயர்கள் வந்தன. நம் பங்கில் திருத்தொண்டர் இல்லை. ஆனால் நம் வாயிலில் வந்து நின்ற அச்சகோதரி, தாம் அறியாமலே அப்பணியை ஒன்றரை மாதம் செய்திருந்தார்.

அன்பர்களே, கடந்த ஞாயிறு உங்கள் அருகில் வெறுமையாய் இருந்த இடம் எவருடையது?

அத்தாயார் இன்னும் எழுந்து நடக்கவில்லை. ஞாயிறுதோறும் நற்கருணை அவர் இல்லம் செல்கிறது; அந்தத் துணி முடிச்சும் தவறாமல் நம்மிடம் வந்து சேருகிறது.