நாவல் எழுத இடமும் ஊக்கமும்

யான் ஒரு நாவல் எழுதத் தொடங்கி ஈராண்டாகின்றது. விடியலில் வீட்டுத் திண்ணையும் மாலையில் நூலக மேசையுமே எனக்கு எழுதும் இடங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் ஊக்கம் குன்றி, விட்டுவிடலாமோ என மனம் ஊசலாடியபோது, நம் நாட்டு ஆசிரியர் சிலரின் வரலாறே துணைநின்றது.

நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி ஜவுளி வாணிகர். அவரது ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வரத் தொடங்கியது. இதழ் நின்றுபோன பின்னரும் அவர் கதையைக் கைவிடாது முடித்தார். 1966இல் அது நூலாயிற்று. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், மிளகாய் வியாபாரத்தினிடையே எழுதி, ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘புத்தம் வீடு’ (1964) எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை. பிழைப்புத் தொழிலை விடாமலே இம்மூவரும் எழுதினர்.

ஆதலின் நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு நாழிகையேனும் அமர்கின்றேன். எழும்போது மறுநாளைக்குரிய முதல் வாக்கியத்தைக் குறித்து வைக்கின்றேன். இப்பொழுது ஒன்பதாம் அதிகாரம் நடக்கின்றது.

மாணவ நண்பர்காள்! கன்னிப்பூ பொய்த்தாலும் கும்பப்பூவுக்கு ஏர்பூட்டும் உழவரது நாட்டிலே பிறந்த நமக்கு இவ்வுறுதி புதிதன்று. நீவிரும் இன்றே எழுதத் தொடங்குமின்.