காட்டிக்கொடுத்தவன்

சிவனொளிபாத மலைப் பகுதியிற் பிறந்து 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் களனி கங்கை, கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ளது மட்டக்குளி. அதன் அயலூரை முகத்துவாரம் எனத் தமிழர் அழைப்பது மிகப் பொருத்தமானதே. அங்கே நீரின் மேற்பரப்பு பல வேளைகளில் அமைதியாகவே தோன்றும். ஆற்றின் வேகமும் கடலின் இழுப்பும் அடியிலே முட்டிக்கொள்வதைக் கரையில் நிற்பவன் காண்பதில்லை. இந்நீரிலேதான் பதினைந்து வயதுச் சிறுவர் இருவரின் நட்பு ஒருநாள் உறுதிபெற்றது. அதே நட்பு, ஓராண்டு கழிவதற்குள் அவர்களுள் ஒருவனைச் சிறைவாயிலுக்கு மிக அருகே கொண்டுசென்று நிறுத்தியது.

இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரே பாடசாலையில், ஒரே வகுப்பிற் கற்றவர்கள். ஒருவன் அதிகம் பேசாதவன். துறைமுகத்திற் கூலிவேலை செய்யும் தந்தை, தாய், தமக்கை என்ற சிறு குடும்பத்தின் கடைக்குட்டி. மற்றவன் அடுத்த ஒழுங்கையைச் சேர்ந்தவன். அவனுடைய தந்தை வளைகுடா நாடொன்றில் உழைத்துக்கொண்டிருந்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் தயங்காது பேசுவான், பந்துவீச்சிற் கெட்டிக்காரன். காக்கைத்தீவுக் கடற்கரையில் விளையாடி முடித்து நீராடச் சென்ற ஒரு மாலை, முன்னவன் கால் வழுக்கி நீரோட்டத்தில் அகப்பட்டான். தோழன் பாய்ந்து, தலைமயிரைப் பற்றி இழுத்து, அவனைக் கரைசேர்த்தான். “வீட்ட சொல்லிராத மச்சான், அடி விழும்” என்றான் தோழன். அவனும் சொல்லவில்லை. அவர்களிடையே தோன்றிய முதலாவது இரகசியம் அதுவே.

உயிர் தந்தவனுக்கு எதனை மறுப்பது? கர்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. துரியோதனன் தீயவன் என்பதை அறிந்தும் அவனை விட்டு நீங்காத கர்ணனை நாம் குறைகூறுவதில்லை. செஞ்சோற்றுக்கடன் தீர்த்த உத்தமன் எனக் கண்ணீர் விடுகிறோம். அந்தச் சிறுவனும் தன்னளவில் ஒரு கடனைத் தீர்க்கவே முயன்றான். முதலில் தனியார் வகுப்புக்குச் செல்லாது தோழனோடு சுற்றினான். பின்னர் வகுப்புக்கெனத் தந்த பணத்தை அவனிடம் கொடுத்தான். அதன்பின் தமக்கையின் கைப்பையில் இருந்து எடுத்தும் கொடுத்தான். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைக் காட்டிலும் சற்றே பெரியது. ஒவ்வொன்றும் மேலும் ஓர் இரகசியம்.

இது பலவீனமான ஒரு சிறுவனுக்கு மட்டும் உரிய குறை எனக் கருதுதல் தவறாகும். அமெரிக்காவின் ரெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர்களான மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 306 பேர், கார் ஓட்டும் கணினி விளையாட்டொன்றிற் சிலர் தனித்தும் சிலர் நண்பர் சூழவும் ஈடுபடுத்தப்பட்டனர். 13 முதல் 16 வயது வரையானோர், நண்பர் பக்கத்தில் இருந்தபோது, தனித்து ஆடியோரைவிட மிகக் கூடுதலான ஆபத்துக்களைத் துணிந்து ஏற்றனர். 24 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடத்தில் நண்பரின் முன்னிலை அத்தகைய மாற்றத்தை உண்டாக்கவில்லை. அவ்வயதிற் பக்கத்தில் நிற்கும் தோழனே துணிவின் ஊற்றாகிறான் என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது. தோழன் நல்வழியில் நின்றால் அத்துணிவு நன்மையாகும். அவன் அகப்பட்டிருக்கும் வலையில் மற்றவனும் துணிந்தே கால்வைப்பான்.

தோழன் அவ்வாறு அகப்பட்டிருந்தான். வயதில் மூத்த சிலர் அவனுக்கு முதலிற் பணமின்றியும் பின்னர் கடனாகவும் போதைப்பொருளைப் பழக்கியிருந்தனர். கடன் வளர்ந்ததும், அதனைக் கால்நடையாகத் தீர்க்கச் சொன்னார்கள். ஒருநாள் சந்தியிலே நின்ற முச்சக்கரவண்டியைக் காட்டி, “இத அந்த அண்ணன்கிட்ட குடு மச்சான். வேற ஒன்னும் கேக்காத” என்று சிறிய பொதியொன்றை நண்பனின் கையில் வைத்தான். அவன் கேட்கவில்லை, கொடுத்தான். இரண்டாம் முறையும் கொடுத்தான். மூன்றாம் முறை, “என்னடா இது?” என்று கேட்டான். தோழன் சிரித்தான். கொழும்புத் தெருக்களில் ‘குடு’ என்னும் சொல்லுக்கு இரு பொருளுண்டு. தமிழிற் கொடு என்பதன் பேச்சுவடிவம் அது. சிங்களத்தில் தூள் என்று பொருள்படும் அச்சொல்லே ஹெரோயினின் பெயருமாகும். இரு பொருளும் ஒன்றாய் விளங்கிய அக்கணத்தில் அவனது கை நடுங்கியது.

அப்பொதியின் கனத்தைச் சட்டம் எவ்வாறு நிறுக்கின்றது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 கிராமும் அதற்கு மேலுமான ஹெரோயினை வைத்திருப்போருக்கு மரணதண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கப்படலாம். தேநீர்க் கரண்டி ஒன்றிற் கொள்ளும் சீனி ஏறத்தாழ 4 கிராம். அதிற் பாதியே இந்த அளவு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளையும் 5 கிராம் என்ற எல்லையோடு இத்தண்டனைக்குள் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு மரணதண்டனை விதிக்கப்படுவதும் இல்லை. ஆயினும் கைதும் வழக்கும் விளக்கமறியலும் ஒரு மாணவனின் வாழ்வைக் குலைக்கப் போதுமானவை. அவை, ‘நண்பன் தந்தான், நான் கொடுத்தேன்’ என்னும் விடையோடு முடிந்துவிடுவன அல்ல.

பொதியைத் தோழனின் கையிலேயே திணித்துவிட்டு அவன் வீடு திரும்பினான். அன்றிரவு உணவு இறங்கவில்லை. சொன்னால் துரோகி, சொல்லாவிடின் தோழன் அழிவான். நள்ளிரவில் விழித்திருந்த தமக்கையிடம் யாவற்றையும் கூறி அழுதான். களவெடுத்ததையும், ஆற்றில் மூழ்கியதையும்கூட மறைக்கவில்லை. ‘யாரோடு சேர்ந்தாய்?’ என்பது அத்தகைய வேளைகளில் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி. அவள் அதனைக் கேட்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “நீயும் சொல்லாட்டி அவன யாரு தம்பி காப்பாத்துவா?” என்று மட்டும் கேட்டாள்.

விடிந்ததும் இருவரும் தோழனின் வீட்டுக்குச் சென்றனர். தாய் முதலில் நம்பவில்லை. “எம் புள்ள அப்பிடிப்பட்டவன் இல்ல” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நின்ற தோழன் யன்னல் வழியே பார்த்த பார்வையை அவனால் இன்றும் மறக்க இயலவில்லை. ஒரு வாரத்தின் பின் அத்தாயே தமக்கையைத் தேடி வந்தாள். வீட்டிலிருந்த நகையொன்று காணாமற் போயிருந்தது. உறவினர் துணையோடு தோழன் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டான்; பல மாதங்களின் பின் திரும்பி வந்தான். இன்று இருவரும் இருபது வயதைக் கடந்துவிட்டனர். 155ஆம் இலக்க பஸ் வண்டியில் எப்போதேனும் எதிர்ப்படுவதுண்டு. தோழன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனைப் பொறுத்தவரை மற்றவன் காட்டிக்கொடுத்தவனே. நட்பு மீளவில்லை, நண்பன் மீண்டான்.

வள்ளுவர் நட்பினை ஓரதிகாரத்தோடு முடித்துவிடவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். கூடிச் சிரிப்பதோடு நட்பு அமைவதில்லை என்பதும், வழிதவறுபவனைக் கடிந்து தடுப்பதும் அதன் கடமை என்பதும் அவர் கருத்து. கர்ணனின் பெருமைக்கு நாம் வடிக்கும் கண்ணீரில், துரியோதனனை அவன் தடுத்திருந்தால் என்ற கேள்வி கரைந்துவிடுகின்றது.

இளமையில் நட்பு ஆபத்தாவது தீயவன் ஒருவன் வந்து சேர்வதால் மட்டுமன்று. இருவருக்கிடையே உள்ள இரகசியத்தை எவரிடமும் திறக்க முடியாதபடி அவ்விருவரும் வளர்ந்தோரால் அஞ்சச் செய்யப்பட்டிருப்பதாலுமாகும். ஆற்றில் வழுக்கிய அன்றே அச்சிறுவன் அடிக்கு அஞ்சாது வீட்டிற் சொல்லக் கூடியதாயிருந்தால், எஞ்சிய இரகசியங்கள் பிறந்திருக்குமா? பிள்ளைகளின் நண்பர்களை ஆராய்வதற்கு முன்னர், அவர்கள் அஞ்சாது வந்து பேசக்கூடிய ஒருவரேனும் வீட்டில் இருக்கின்றாரா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் ஆராய்தல் வேண்டும். மட்டக்குளியில் அன்றிரவு ஒரு தமக்கை விழித்திருந்தாள். எல்லா வீடுகளிலும் அவ்வாறு ஒருவர் விழித்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.