தருமபுரி முதல் மதீனா வரை: பேருந்தும் பெட்டியும்

உம்ராவுக்குப் புறப்படுவோரிடம், "எதில் செல்கிறீர்கள்?" என்று வினவினால், "விமானத்தில்" என்பதே அனைவரின் விடையாக இருக்கும். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஜித்தா செல்ல விமானத்தில் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். தருமபுரியிலிருந்து அந்த விமான நிலையத்தை அடைவதற்கே ஏறக்குறைய அதே அளவு நேரம் பிடிக்கிறது. ஜித்தாவிலிருந்து மக்கா, மக்காவிலிருந்து மதீனா, பிறகு மீண்டும் ஊர் என எல்லாவற்றையும் கூட்டினால், வானில் கழியும் நேரத்தைவிடப் பேருந்தில் கழியும் நேரம் குறைந்ததன்று. விமானத்தைப் பற்றி நமக்கு எடுத்துச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். பேருந்தைப் பற்றிச் சொல்வார்தாம் குறைவு. வெளிநாடு செல்லும் பெட்டிகளோடு பேருந்து ஏறும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் சில செய்திகளை இங்கே தருகிறேன்.

நம் ஊரும் நெடுஞ்சாலையும்

பழைய தகடூரே இன்றைய தருமபுரி. அதியமான் ஆண்ட இந்த நிலம், பின்னாளில் மைசூர் சுல்தான்களின் ஆட்சியில் பாராமகால் என வழங்கப்பட்டு, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. மைசூருக்கும் தென்னாட்டுக்கும் இடையே அமைந்த வழி என்பதால், படைகளும் வணிகர்களும் இவ்வழியே சென்றார்கள். இன்றும் அதே தடத்தில், காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை செல்கிறது.

முன்னோர் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் இரயிலேறி மும்பாய் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் ஜித்தா சென்றார்கள். அந்தக் கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது நம் மாவட்டத்தாருக்குப் பெங்களூரு, சென்னை என இரு வழிகள் உண்டு. சென்னை சுமார் 300 கிலோமீட்டர்; கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்ல வேண்டும். பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர்தான். சேலத்தை அடுத்த கமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பினும் அது உள்நாட்டுப் பயணத்துக்கே உதவும். ஆகவே பெரும்பாலோர் பெங்களூரையே நாடுகிறார்கள்.

மூன்று பைகள் போதும்

வீட்டில் பெட்டி அடுக்கும்போது பொருளின் அளவைப் பார்த்து அடுக்குகிறோம். பெரியது பெரிய பெட்டியில், சிறியது சிறிய பையில் என்பது நம் வழக்கம். பேருந்துப் பயணத்துக்கு இது பொருந்தாது. அந்தப் பொருள் எப்போது தேவைப்படும் என்பதைப் பார்த்தே அடுக்க வேண்டும்.

முதலாவது, கழுத்திலோ தோளிலோ எந்நேரமும் தொங்கும் சிறு பை. கடவுச்சீட்டு, விசாத் தாள், பயணச்சீட்டு, பணம், அன்றாட மாத்திரை, கைப்பேசி, தங்குமிடத்தின் முகவரிச் சீட்டு ஆகியவை இதில் இருக்கட்டும். தூங்கும்போதும் இது உடலை விட்டு நீங்கலாகாது.

இரண்டாவது, மடியிலோ இருக்கைக்கு மேலோ வைக்கும் கைப்பை. இஹ்ராம் துணி, ஒரு மாற்றுடை, துண்டு, சிறிது உணவு, தொழுகை விரிப்பு, மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஆகியவற்றை இதில் வைக்க வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். முடி கத்தரிக்கும் கத்தரிக்கோலுக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் இதற்கு நேர்மாறான விதி. அவை பெட்டிக்குள்தான் செல்ல வேண்டும்.

மூன்றாவது, பேருந்தின் அடியறையிலும் விமானத்தின் சரக்கறையிலும் செல்லும் பெரிய பெட்டி. எத்தனை கிலோ என்பது பயணச்சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே எடை போட்டுக்கொள்வது நன்று. ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால், பணம் கட்டினாலும் ஏற்கமாட்டார்கள். ஒருவர் தனியே தூக்கிப் பேருந்துப் படியில் ஏற்ற முடியாத பெட்டி, விதிக்கு உட்பட்டதாயினும் பெரிய பெட்டியே. நாற்பது கிலோவை இரு பெட்டிகளாக்கினால் ஒரு மூதாட்டிக்கும் உதவ ஒரு கை மிஞ்சும்.

நம் பகுதித் தாய்மார்கள் கேழ்வரகு மாவும் புளியும் மாங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுக்காமல் யாரையும் வழியனுப்ப மாட்டார்கள். அந்த அன்பை மறுக்க வேண்டியதில்லை. அளவைக் குறைத்தால் போதும். ஊறுகாயை இரட்டைப் பையில் இட்டு வாயை இறுகக் கட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால் கொப்பரைத் தேங்காயை விமானத்தில் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

பிறர் தரும் பொட்டலம்

இனி, இக்கட்டுரையில் மிக முக்கியமானதாக நான் கருதும் செய்திக்கு வருகிறேன்.

ஒருவர் உம்ராவுக்குச் செல்கிறார் என்ற செய்தி தெருவில் பரவியவுடன் உறவினரும் அண்டை வீட்டாரும் வருவார்கள். ஸலாம் சொல்லி, துஆச் செய்யும்படி வேண்டிக்கொண்டு, கிளம்பும்போது, "ஹஜ்ரத், என் மகன் ஜித்தாவில் இருக்கிறான். இந்தச் சிறு பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள், அவனே வந்து வாங்கிக்கொள்வான்" என்று ஒன்றை நீட்டுவார்கள். முகம் முறிய மனம் வராமல் வாங்கிக்கொள்கிறோம்.

அந்தப் பொட்டலத்தில் வீட்டில் அரைத்த குருமா மசாலா இருக்கலாம். அதில் கசகசா சேர்ந்திருக்கலாம். நம் அடுக்களையில் அது சாதாரணச் சரக்கு. ஆனால் அது அபினிச் செடியின் விதை என்பதால் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளில் தடை செய்யப்பட்டது. கொடுத்த தாய்க்கும் தெரியாது, சுமந்தவருக்கும் தெரியாது. சுங்கச் சாவடியில் நிற்பவர் சுமந்தவர் மட்டுமே. மாத்திரைகளும் அவ்வாறே. கடும் வலிக்கும் உறக்கத்துக்கும் இங்கே தரப்படும் சில மருந்துகள் அங்கே போதைப்பொருள் பட்டியலில் உள்ளன. தம் சொந்த மருந்தாயினும் மருத்துவர் சீட்டுடன், மருந்துக்கடை அட்டையைப் பிரிக்காமல் கொண்டு செல்ல வேண்டும். போதைப்பொருள் கடத்தலுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனை வரை உண்டு. "இன்னார் கொடுத்தார்" என்ற சொல் அங்கே எளிதில் எடுபடாது.

அமானிதம் பேணுவது நம் மார்க்கத்தில் உயர்ந்த கடமை. அமானிதத்தை ஏற்றபின் பேணுவது கடமையெனில், ஏற்கும் முன் அது இன்னதென அறிவதும் அக்கடமையைச் சார்ந்ததே. ஆகவே, கொடுப்பவர் முன்னிலையிலேயே பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதனால் அவர் வருந்துவார் என்று அஞ்ச வேண்டாம். "என் பெட்டியை நானே அடுக்குவேன், பிரித்துப் பாராமல் எதையும் வைக்கமாட்டேன்" என்று முதல் நாளே எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டால் எவர் மனமும் நோகாது. தைத்து ஒட்டப்பட்ட பொதியையும், முன்பின் அறியாதவர் விமான நிலையத்தில் நீட்டும் பையையும் அறவே தொடக்கூடாது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இதைத் தம் பொறுப்பாக ஏற்று மறுப்புச் சொன்னால், பயணம் செல்லும் இளையவருக்குச் சங்கடம் இராது.

பெங்களூரு விமான நிலையம் வரை

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியே பெங்களூருக்குப் பகலிலும் இரவிலும் பேருந்துகள் உண்டு. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் சேரும் சாலையும் இருக்கிறது. ஆனால் விமான நிலையம் நகருக்குள் இல்லை. 2008ஆம் ஆண்டு முதல் அது நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இயங்குகிறது. நாம் நகரின் தென்கோடியில் நுழைகிறோம். வடகோடிக்குச் செல்ல வேண்டும். நாம் ஏறும் பேருந்து மெஜஸ்டிக் செல்லுமா, சாந்தி நகர் செல்லுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே நடத்துநரிடம் கேட்டறிவது நலம். மெஜஸ்டிக்கிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் விமான நிலையத்துக்கென்றே வாயு வஜ்ரா பேருந்துகள் செல்கின்றன. பெட்டி வைக்க அவற்றில் தனி இடம் உண்டு. 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன.

நேரக் கணக்கு இவ்வாறு இருக்கட்டும். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்பாக நிலையத்தில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து பெங்களூருக்கு நான்கு மணி நேரம். நகரைக் கடக்க இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை அறிந்தவர்கள் இதனை மிகையென்று சொல்லமாட்டார்கள். ஆக, இரவு ஒன்பது மணி விமானத்துக்குக் காலை பத்து மணிக்காவது பேருந்து ஏறிவிட வேண்டும்.

மக்கா – மதீனா சாலையில்

இரு புனித நகரங்களுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர். பேருந்து ஐந்து முதல் ஆறு மணி நேரத்தில் கடக்கும். 2018இல் தொடங்கப்பட்ட ஹரமைன் விரைவு இரயிலும் ஓடுகிறது. ஆயினும் குழுவாகச் செல்வோர் பெரும்பாலும் பேருந்திலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர். இருபுறமும் கரிய மலைகளும் வறண்ட மணற்பரப்பும் விரியும் அந்தச் சாலையில் செல்லும்போது, ஒட்டகத்தின் முதுகில் இதே தொலைவைக் கடந்த உத்தமர்களின் ஹிஜ்ரத்தை எண்ணி நெஞ்சம் நெகிழாதார் இரார். அந்த நேரத்தில் பெட்டியைப் பற்றிய கவலை மனத்தை அரிக்காதிருக்க வேண்டுமானால், ஏறும் முன்பே சிலவற்றைச் செய்துவிட வேண்டும்.

பயணத்தில் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்வது நபிவழி. அவர் கையில் பெயர்ப் பட்டியலோடு பெட்டிப் பட்டியலும் இருக்கட்டும். நம் பெட்டி நம் கண்முன் அடியறையில் ஏறியபின்னரே நாம் படியேற வேண்டும். ஒரே நிறத்தில், ஒரே முத்திரையோடு பல பேருந்துகள் நிற்கும். இறங்கித் திரும்புவோர் தடுமாறுவது இங்கேதான். பேருந்தின் எண் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்க. பெட்டியின் மேலும் உள்ளும் பெயர், கைப்பேசி எண், தங்குமிடத்தின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். கைப்பிடியில் பளிச்சென்ற துணி நாடா ஒன்று கட்டினால் நூறு பெட்டிகளுக்கு நடுவிலும் கண்டுபிடிக்கலாம்.

மதீனாவிலிருந்து மக்கா வருவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மதீனாவை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் துல்ஹுலைஃபாவில் பேருந்து நிற்கும். அங்கே இஹ்ராம் அணிந்து நிய்யத் செய்ய வேண்டும். இஹ்ராம் துணி அடியறைப் பெட்டிக்குள் இருந்தால் நாற்பது பேரின் பெட்டிகளை இறக்கித் தேட நேரிடும். விமானத்தில் நேரே ஜித்தா செல்வோருக்கும் எல்லை வானிலேயே கடந்துவிடும் என்பதால், அவர்களுக்கும் இஹ்ராம் துணி கைப்பையில் இருப்பதே முறை.

முதியோரும் பெண்களும்

நான் உடன்சென்ற ஒரு குழுவில் ஓர் அம்மையாரின் சர்க்கரை நோய் மருந்து அடியறையில் போய்விட்டது. நடுவழியில் அவருக்குத் தலை சுற்றியபோது பக்கத்து இருக்கைச் சகோதரி கொடுத்த பேரீச்சம்பழம்தான் உதவியது. அதன்பின் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி அடியறையைத் திறந்து கொடுத்தார். இன்சுலின் போடுவோர் அதை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கலாகாது. பேருந்தின் அடியறை வெப்பமும் விமானச் சரக்கறையின் கடுங்குளிரும் அதைக் கெடுத்துவிடும்.

முதியோரை முன் இருக்கைகளில் அமர்த்துக. ஒரு மணிக்கொருமுறை கால்களை நீட்டி மடக்கச் சொல்க. நெடுநேரம் அசையாதிருந்தால் கால் வீங்கும். ஒதுங்க வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தாய்மார்கள் தண்ணீர் குடியாதிருப்பதுண்டு. பாலை வெயிலில் இது ஆபத்தானது. பேருந்து எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டால் அந்த அச்சம் நீங்கும். நிற்கும் இடத்தில் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில்

போகும்போது இருந்த கவனம் வரும்போது இருப்பதில்லை. பேரீச்சம்பழம், விரிப்பு, தஸ்பீஹ் எனப் பெட்டி பெருத்துவிடும். ஜித்தா விமான நிலையத்தில் 2022 முதல் ஜம்ஜம் நீரைப் பெட்டிக்குள் வைக்க அனுமதிப்பதில்லை. நிலையத்தில் விற்கப்படும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் புட்டியைத் தனியே அனுப்ப வேண்டும். பேருந்தில் அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பது நலம்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. பெங்களூரிலிருந்து சேலம், கோயம்புத்தூர் செல்லும் பேருந்துகளில் பல, இரவில் தருமபுரி நகருக்குள் வாராமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுச் செல்கின்றன. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில், நள்ளிரவில், நான்கு பெட்டிகளோடும் தூக்கக் கலக்கத்தோடும் மூதாட்டி ஒருவர் சாலையைக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். "ஊருக்குள் வருமா?" என்று கேட்டுவிட்டே ஏறுக. வாராதெனில் வீட்டாரை முன்கூட்டியே அவ்விடத்துக்கு வரச் சொல்லுக. அல்லது விடியும்வரை பெங்களூரிலேயே தங்கிப் பகல் பேருந்தில் வருக. பல்லாயிரம் மைல் பாதுகாப்பாய்ச் சென்று வந்தவர், வீட்டுக்கு இரண்டு மைல் தொலைவில் விபத்துக்குள்ளாகக் கூடாது.

எதைச் சுமக்கிறோம், எப்போது அது தேவை, யாருக்காகச் சுமக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தே பெட்டியைப் பூட்டுங்கள். சாவி பையில் இருக்கட்டும்; மனம் வணக்கத்தில் இருக்கட்டும். புறப்படுவோர் அனைவரின் பயணத்தையும் வல்ல இறைவன் எளிதாக்கி, நலமே இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.