நடுவர் இல்லாத பட்டிமன்றம்

நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒருவகையில் பட்டிமன்றத்தில் வளர்ந்தவர்கள்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவி முன்னால் உட்கார்ந்து, எதிரணியை யார் நன்றாக மடக்குகிறார்கள் என்று பார்த்துக் கைதட்டியவர்கள். தில்லிக்கு வந்து குப்பை கொட்ட ஆரம்பித்து பதினாலு வருஷம் ஆகியும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

அதனால், சர்வதேச சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தைகளில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும் ஒரு வாரப் பயிற்சிக்கு அலுவலகத்தில் அனுப்பியபோது, "பேசத்தானே, ஜமாய்ச்சுடலாம்" என்று தெம்பாகத்தான் கிளம்பினேன். கூடவே பக்கத்து சீட் வங்காளி நண்பரும்.

முப்பது பேர், ஆளுக்கொரு நாடு, சீட்டுக் குலுக்கல். எனக்கு வந்தது பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு. நண்பருக்கு இந்தியா! எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியக் காகிதம். முதல் நாள் எல்லோரும் பேசிப் பொளந்து கட்டினோம். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற தூதரக அதிகாரி. சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில் இருந்த வாசகத்தில் இப்போது எத்தனை வார்த்தை மாறியிருக்கிறது?"

ஒன்றுகூட மாறவில்லை.

பட்டிமன்றத்தில் நடுவர் இருக்கிறார், கடைசியில் தீர்ப்பு சொல்வார். இங்கே நடுவரே கிடையாது. ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் ஓட்டெடுப்பும் கிடையாது. அதற்கான விதியை நாடுகள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வேலையே. நீங்கள் வாதத்தில் மண்ணைக் கவ்வ வைத்த அதே ஆள்தான் உங்கள் வாசகத்துக்குத் தலையாட்ட வேண்டும். அவமானப்பட்டவர் எங்கே தலையாட்டுவார்? இது சம்பந்தி வீட்டாரோடு பேசுகிற மாதிரி. ஜெயித்துவிட்டு எழுந்துபோக முடியாது, அடுத்த வருஷமும் அதே முகங்கள்தான்.

அந்த வாரத்தில் கற்றது மூன்று விஷயங்கள்.

ஒன்று, எதிராளியின் வீட்டு நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 12, பாரிஸ். கடைசி நகலில், பணக்கார நாடுகள் மொத்தப் பொருளாதாரத்துக்கும் இலக்கு வைத்து வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிய இடத்தில் 'ஷல்' என்று இருந்தது. அதாவது, செய்தே ஆக வேண்டும். அமெரிக்காவுக்கு அது ஆகாது. புதிய சட்டக் கடமை என்றால் செனட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே தேறாது. சொல் 'ஷுட்' ஆனது, செய்ய வேண்டியது என்கிற அளவில். அச்சுப்பிழைத் திருத்தம் என்று சபையில் வாசித்தார்கள், சுத்தியலைத் தட்டினார்கள், முடிந்தது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் செனட் என்கிற அந்த வீட்டு மாமியாரைக் கணக்கில் எடுக்காமல் இருந்தால் ஒப்பந்தமே இருந்திருக்காது.

இரண்டு, 'மாட்டேன்' என்றால், என்ன கிடைத்தால் 'சரி' என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரீல் ஒப்பந்தம் 1987-இல் வந்தது. இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. ஓட்டை போட்டது நீங்கள், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்பது நம் வாதம். 1990 லண்டன் கூட்டத்துக்கு நம் சார்பில் போனவர் மேனகா காந்தி. அங்கேதான் வளரும் நாடுகளுக்கான நிதியம் உருவானது. மூன்று வருடங்களுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. 1992-இல் நாம் சேர்ந்தோம். முறுக்கிக்கொண்டு நின்றதில் ஒரு கணக்கு இருந்தது.

மூன்று, இரண்டு பேரும் ஊருக்கு எடுத்துப் போகக்கூடிய ஒரு சொல்லைத் தேட வேண்டும். 2011 டர்பன் மாநாடு வெள்ளிக்கிழமை முடிந்திருக்க வேண்டியது, ஞாயிறு விடியும்வரை இழுத்தது. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்றது ஐரோப்பா. பணக்கார நாடுகளுக்குச் சமமாக நம்மையும் கட்டிப்போடுவதா என்றார் நம் அமைச்சர், சென்னைக்காரரான ஜெயந்தி நடராஜன். மாநாட்டுத் தலைவர் இரு தரப்பையும் அரங்கத்தின் நடுவிலேயே கூடிப் பேசச் சொன்னார். சுற்றிலும் கூட்டம், எல்லோரும் நின்றபடி. கடைசியில் 'சட்ட வலிமை கொண்ட ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு' என்று ஒரு சொற்றொடர் பிறந்தது. ஐரோப்பாவுக்கு 'சட்டம்' கிடைத்தது, நமக்கு 'ஒப்புக்கொள்ளப்பட்ட' கிடைத்தது. பாரிஸுக்குப் பாதை அங்கேதான் போட்டார்கள்.

இதெல்லாம் படித்தும் தெரிந்துகொள்ளலாம். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று கடைசி ராத்திரி நடந்தது.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது 2021 கிளாஸ்கோ. நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக நிறுத்துவது' என்பதை, 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றச்சொல்லி இந்தியா கடைசி நிமிடத்தில் கேட்ட கதை. அந்தச் சொல் மூன்று நாள் முன்பே அமெரிக்க-சீனக் கூட்டறிக்கையில் வந்ததுதான். ஆனால் சபையில் எழுந்து வாசித்தது நம் அமைச்சர் என்பதால் பழி நமக்கு. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டுத் தழுதழுத்தார்.

இந்தியாவாக உட்கார்ந்திருந்த நண்பர் வாதத்தை அடுக்கினார். நம் தலைக்கான வெளியேற்றம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. பொறுப்பு பொதுவானது, ஆனால் பங்கு வேறு வேறு என்று 1992-லேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. வரிக்கு வரி உண்மை. அதில் பாதி வரிகள் அலுவலகத்தில் நானே தட்டச்சு செய்தவை. நெய்வேலிக் கரண்டில் ஃபேன் சுற்றிய வீட்டில் வளர்ந்த எனக்கு அதன் நியாயத்தை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது தீவின் நாற்காலியில். அந்த நியாயம் என் தீவில் ஏறும் கடல் தண்ணீரை ஒரு அங்குலம்கூட இறக்கவில்லை.

நிஜ கிளாஸ்கோவில் மார்ஷல் தீவுகளின் பிரதிநிதி என்ன செய்தார் தெரியுமா? வருத்தத்தைப் பதிவு செய்துவிட்டு, தன் மக்களுக்கு உயிர்நாடியான மற்ற அம்சங்களுக்காக அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார். நானும் அதையே செய்தேன். நிலக்கரியில் விட்டேன், கரையைக் காக்கும் நிதி பற்றிய வரியிலிருந்து அடைப்புக்குறியை எடுக்கச் சொன்னேன். முதலில் தலையாட்டியது இந்தியாதான். கை குலுக்கினோம். ஆனாலும் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

இப்போது அலுவலகத்தில் எந்தக் குறிப்பு எழுதினாலும் கடைசியில் இரண்டு வரி சேர்க்கிறேன்: இந்தச் சொல் யாருக்கு வலிக்கும், அவர்களுக்கு நம்மால் என்ன தர முடியும். மேலதிகாரி இதுவரை அடிக்கவில்லை. நம் நிலைப்பாடு அதனால் ஒன்றும் இளகிவிடவில்லை.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் துறை நன்றாகவே ஒத்துவரும். பாட்டியிடம் தமிழ், பக்கத்து வீட்டில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று ஆளுக்குத் தகுந்தபடி விஷயத்தைச் சொல்லிப் பழகியவர்கள். அடுத்த முறை பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்யும்போது, எதிரணியின் வாதத்தையும் அவர்களே "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். என் பெண்ணிடம் ஆரம்பித்துவிட்டேன். டிவி நேரத்துக்காக அவள் அதை என்னிடமே பிரயோகிக்கிறாள், நேற்று அரை மணி கூடுதலாக வாங்கிவிட்டாள் :-)