பாலைக்கு ஒரு பயணம்

வன்னியில் பாலை என்றால் எங்களுக்குப் பழம்தான் நினைவுக்கு வரும். கோடையில் மரம் நிறைய மஞ்சள் மஞ்சளாய்ப் பழுத்திருக்கும். ஆசைப்பட்டுக் கூடச் சாப்பிட்டால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். நான் சொல்லப்போவது இன்னொரு பாலையைப் பற்றி. அது பஸ் ஏறிப் போகமுடியாத இடம். பழந்தமிழ்ப் பாட்டுக்களில் வரும் வறண்ட நிலம். கடந்த கோடையில், வெயிலுக்கு ஒதுங்கியிருந்த மத்தியானங்களில், புத்தகங்களின் வழியே அங்கு போய்வந்தேன்.

காடு, மலை, வயல், கடற்கரை என நான்கு நிலங்களுக்கும் தெய்வம் சொல்கிற தொல்காப்பியம், பாலைக்கென்று தனி நிலம் எதையும் ஒதுக்கவில்லை. வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகள். சிலப்பதிகாரம் இதை விளக்குகிறது. முல்லைக் காடும் குறிஞ்சி மலையும் வெயிலில் காய்ந்து தம் இயல்பை இழக்கும்போது பாலையாகின்றனவாம். ஆகவே, பிறக்கும்போதே பாலையாய்ப் பிறந்த நிலம் இல்லை.

அங்கே வழியெல்லாம் பரல் கற்கள். கள்ளியும் ஓமை மரமும் நிற்கின்றன. சுனைகள் வற்றிவிட்டன. செந்நாய் அலைகிறது, பருந்து வட்டமிடுகிறது. வழிப்பறிக்காரரின் அம்புபட்டு இறந்த பயணிகளின் மேல் கற்குவியல்கள் கிடக்கின்றன. போரில் மாண்டவர்களுக்குப் பெயர் எழுதி, மயிற்பீலி சூட்டிய நடுகற்களும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்திலும் குடியிருப்பு இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை அங்கே எங்களைக் கூட்டிச் செல்கிறது. ஈந்தின் ஓலையால் வேய்ந்த எயினர் குடிசைகள், முள்ளம்பன்றியின் முதுகைப் போலத் தெரிகின்றன. ஒரு குடிசைக்குள் பிள்ளை பெற்ற தாய் மான் தோலில் படுத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். விளாமர நிழலில், நிலத்தில் பதித்த உரலில் இட்டு அதைக் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை அள்ளி, வாய் உடைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கிறார்கள். வந்த விருந்தாளிக்குத் தேக்கிலையில் சோறு கிடைக்கிறது. இடம்பெயர்ந்த நாட்களில் எரிந்த அடுப்புக்களை நினைத்துக்கொண்டேன்.

அகநானூற்றின் 400 பாட்டுக்களில் 200 பாலைப் பாட்டுக்கள். பொருள் தேடிப் போனவனின் வழியைப் பல பாட்டுக்களில் வீட்டிலிருப்பவள் மனதால் நடந்து பார்க்கிறாள். கலித்தொகையில் ஒருத்தி, போனவன் தனக்குச் சொன்ன காட்சி ஒன்றை நினைக்கிறாள். கன்று கலக்கிய கொஞ்சத் தண்ணீரை ஆண் யானை முதலில் பெண் யானைக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் குடிக்கும். அதைக் கண்டால் அவன் திரும்பி வருவான் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்.

என்னை நிறுத்திவைத்தது குறுந்தொகையின் 44 ஆம் பாட்டு. பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண். விரும்பியவனோடு போய்விட்ட மகளைத் தேடி வளர்ப்புத்தாய் பாலையில் நடக்கிறாள். கால் ஓய்ந்துவிட்டது. எதிரே வரும் ஒவ்வொரு சோடியையும் உற்றுப் பார்த்துக் கண்ணும் மங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் வேறு யாரோ.

அந்த மகள் தன் விருப்பப்படி போனவள். எங்கள் பிள்ளைகளின் கதை வேறு. ஆனாலும் 2017 ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் பிள்ளையின் படத்தோடு குந்தியிருக்கத் தொடங்கிய அம்மாமாரை நினைக்காமல் அதை வாசிக்க முடியவில்லை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

அந்தத் தாய்க்கும் பாட்டு முடியும்வரை மகள் கிடைக்கவில்லை. ஆனால் "தேடினது போதும், வீட்டுக்குப் போ" என்று வெள்ளிவீதியார் அவளிடம் சொல்லவில்லை.