கொழும்புக்கு வராத கண்ணிகள்

போர்களின் வரலாறு பெரும்பாலும் நிகழ்ந்தவற்றின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. மூழ்கிய கப்பல்களுக்குக் கணக்கு உண்டு. மூழ்காது தப்பியவற்றுக்குக் கணக்கு இல்லை. ஜேர்மனியின் 'யூ-219' என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் கதை இவ்வகையிற் சிந்தனைக்குரியது.

கீல் நகரிற் கட்டப்பட்டு 1942 டிசெம்பரிற் கடற்படையிற் சேர்க்கப்பட்ட இக்கப்பல், கண்ணி விதைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட எட்டுக் கப்பல்களுள் ஒன்றாகும். ஏறக்குறைய 90 மீற்றர் நீளமும் 1,700 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இவையே ஜேர்மனியர் அக்காலத்திற் கட்டிய நீர்மூழ்கிகளுள் மிகப் பெரியவை. செங்குத்தாய் அமைந்த 30 குழாய்களில் 66 கண்ணிகளைச் சுமக்க வல்லவை. யூ-219இன் தளபதி வால்ற்றர் புர்க்காகன் ஐம்பது வயதைக் கடந்தவர். இளைஞர் தொழிலாகக் கருதப்பட்ட நீர்மூழ்கிப் போரில் இஃது அரிதான செய்தி.

1943 ஒக்டோபரில் இக்கப்பல் புறப்பட்டபோது அதற்கு இடப்பட்ட பணி, தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் துறைமுகத்துக்கு வெளியிலும் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியிலும் கண்ணிகளை இடுவதாகும். கொழும்பு இக்கொடுமையை முன்னரும் கண்டதுண்டு. 1917 பெப்ரவரியில் 'வூல்ஃப்' என்னும் ஜேர்மன் கப்பல் இங்கு இட்ட கண்ணிகளால் 'வூஸ்ரஷயர்', 'பேர்சியஸ்' என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. 1943இலோ ஆபத்து இன்னும் பெரிது. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகள் இலங்கையின் இறப்பரையே பெரிதும் நம்பியிருந்தன. பர்மாவும் வீழ்ந்தமையால் அந்நாட்டு அரிசி வருவது நின்று, மக்கள் பங்கீட்டு அரிசியைக் கொண்டு வாழ்ந்தனர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் தேயிலை கடலேறியதும், அத்தோட்டத் தொழிலாளரின் உலைக்கு அரிசி வந்ததும் கப்பல்களாலேயே. கண்ணிக்குப் போர்க்கப்பல் என்றும் அரிசிக்கப்பல் என்றும் வேறுபாடு தெரியாது. அதனை இட்டவன் நெடுந்தூரம் சென்றபின்பும் அது நீருக்குள் காத்திருக்கும்.

எனினும் அக்கண்ணிகள் கொழும்புக்கு வரவில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தில் மற்றைய நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள் வழங்கிய கப்பல்களுட் பெரும்பாலானவற்றை நேசநாடுகள் 1943இல் அழித்துவிட்டன. எனவே யூ-219 இடைவழியில் எரிபொருட் கப்பலாக மாற்றப்பட்டு, 1944 ஜனவரியில் பிரான்சின் போர்தோ நகரை அடைந்தது. இலங்கையைக் காத்தது இலங்கையில் நிகழ்ந்த எதுவுமன்று. எங்கோ தொலைவில் நேர்ந்த எண்ணெய்த் தட்டுப்பாடு.

1944 ஓகஸ்டில் அது மீண்டும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. இம்முறை அதன் வேலை சரக்குச் சுமப்பது. வழியில் அமெரிக்க விமானங்கள் தாக்கின; ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தித் தப்பி, டிசெம்பரில் யாவாவின் பத்தாவியாவை அடைந்தது. 1945 மே மாதத்தில் ஜேர்மனி பணியவே, யப்பானியர் அதனைக் கைப்பற்றி 'ஐ-505' எனப் பெயர் சூட்டினர். மூன்று மாதங்களில் யப்பானும் பணிந்தது.

இங்கேதான் கண்டி கதைக்குள் வருகின்றது. மவுண்ட்பற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்பிரல் முதற் பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கிவந்தது. 1945 ஓகஸ்ட் 15இல் யாவாவும் அதன் பொறுப்பில் விடப்பட்டது. கொழும்பின் வாயிலை அடைக்க அனுப்பப்பட்ட கப்பல், ஈற்றில் இம்மலைநகரிலிருந்து ஆளப்பட்ட பரப்புக்குள் கைதியாகக் கிடந்தது. 1946 பெப்ரவரியில் ஒல்லாந்துப் போர்க்கப்பலொன்று சுந்தா நீரிணைக்கு அப்பால் அதனைக் கடலில் ஆழ்த்தியது.

யூ-219 தன் வாழ்நாளில் எந்தக் கப்பலையும் மூழ்கடித்ததில்லை. போர்நூல்கள் இதனைத் தோல்வியென்று ஒரு வரியிற் கூறி அகலும். ஆனால் கொழும்பு மாலுமிகளின் மனைவியர் விதவையராகாமையும், மலைநாட்டு லயங்களில் அடுப்பு அணையாமையும் அந்த ஒரு வரியினுள் அடங்கியுள்ளன. தாம் தப்பியதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அறியாதாருக்காகவும் கணக்கெழுதுவதே வரலாறு பயில்வோரின் கடமையாகும்.